நிழலுக்கும் நிறமுண்டு

கத்தரிக்காயும் தக்காளியும் குவிந்து கிடக்கும், பிரெஞ்சு ஓவியர் ரென்வாரின் ஓவியப் பிரதியொன்றைக் கண்ட மல்லாங்கிணற்று அன்பர் ஒருவர், ‘இதில் அப்படி என்ன விசேஷம்?’ என்று எழுதிக் கேட்டிருக்கிறார். 1881இல் தீட்டப்பெற்று, இன்று சிகாகோ கலைக்கூடத்தில் இருக்கும் ‘தென்னாட்டுப் பழங்கள்’ என்னும் அச்சித்திரத்தில், வெள்ளைத் துணி விரித்த மேசைமேல் கத்தரி, குடைமிளகாய், தக்காளி, மாதுளை, எலுமிச்சை ஆகியவை இருக்கின்றனவேயன்றிப் புராணமுமில்லை, உபதேசமுமில்லை. ஆகவே உட்பொருளைத் தேடாமல் நிழலைத் தேடுங்கள்.

உச்சிவெயிலில் நம்மூர்க் கொடியில் உலரும் வெள்ளை வேட்டியை உற்றுப் பார்த்தால், நிழல் விழுந்த மடிப்புகள் கறுப்பாயிராமல் சற்றே நீலம் பாரித்திருப்பது புலனாகும். சூரியனின் நேரொளி படாத அவ்விடத்திற்கும் ஆகாயத்தின் ஒளி வந்து சேர்வதே காரணம். ரென்வாரின் மேசைத் துணியிலும் இந்நீலமே படர்ந்திருக்கிறது.

இன்னொரு ரகசியமும் உண்டு. பாரிஸின் கோபெலின் நெசவாலையில் சாயத் துறையின் தலைவராயிருந்த ரசாயன அறிஞர் ஷெவ்ரல், கறுப்பு நூல் வெளிறித் தெரிகிறதென்ற புகாரை ஆராய்ந்து, குற்றம் சாயத்திலன்று, அருகிலுள்ள நிறத்திலேயே என்று கண்டு, அத்தத்துவத்தை 1839இல் நூலாக வெளியிட்டார். ஒரு நிறம் தன் பக்கத்து நிறத்தை எதிர்நிறத்தின் சாயலுக்குத் தள்ளுகிறது. ஆதலால் மஞ்சள் எலுமிச்சைக்கு அருகே ஊதாக் கத்தரி அதிக ஊதாவாய்ப் பொலிகிறது.

நிறங்களைக் கண்ணிலேயே கலக்கவிடும் வித்தையும் ரென்வாருக்கு உண்டு; அது நமக்கு அந்நியமன்று. கோவில்பட்டியில் வாழ்ந்த ஓவியர் கொண்டையராஜு, தூரிகைத் தடமே தெரியாவண்ணம் இழைத்துத் தீட்டிய தெய்வத் திருவுருவங்களைச் சிவகாசி அச்சகங்கள் நாட்காட்டிகளாக்கி வீடுதோறும் சேர்த்தன. ஆனால் இன்றைய நாட்காட்டிப் படமொன்றைப் பூதக்கண்ணாடியால் நோக்குங்கள்: பச்சை இலை என்று நாம் எண்ணியது நீலப் புள்ளிகளும் மஞ்சள் புள்ளிகளுமே! அச்சகம் புள்ளிகளால் செய்வதில் ஒரு பகுதியை ரென்வார் தூரிகைத் தீற்றல்களால் செய்தார்; அவற்றைச் சேர்த்துப் பழமாக்கும் வேலையை நம் கண்ணிடம் விட்டார்.

நாட்டுக்கே வண்ணப்படம் அச்சிட்டனுப்பும் இச்சிவகாசிச் சீமையில், நிழலென்றால் பென்சிலால் கறுப்பைத் தேய்ப்பதே என்று பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பெருங்குறை. விலையுயர்ந்த வர்ணப் பெட்டி வேண்டியதில்லை. சித்திர வகுப்பில் வெள்ளைத் துணிமேல் இரண்டு கத்தரிக்காயும் ஓர் எலுமிச்சையும் வைத்து, நிழலில் என்னென்ன நிறம் தெரிகிறதென்று ஒவ்வொரு பிள்ளையையும் கேளுங்கள். கண்ணைப் பழக்குவதே கலைக் கல்வியின் முதற்பாடம். கை அதன்பின் தானே பழகும்.