டெஸ்ட் கிட் ஜீரோ காட்டுது, பாசி மட்டும் எப்படி வளருது?

போன செமஸ்டர் லீவுல கடலூர் வீட்டுக்குப் போனேன். எங்க 100 லிட்டர் உப்புத்தண்ணி டேங்க்ல கல்லே தெரியல, எல்லாம் பச்சை முடி. நடுவுல ரெண்டு கோமாளி மீன். நைட்ரேட், பாஸ்பேட் ரெண்டும் டெஸ்ட் பண்ணா ஜீரோ. கிட் கெட்டுப்போச்சுன்னு புதுசு வாங்கினேன். அதுவும் ஜீரோ.

கிட் சரியாத்தான் இருந்தது. தண்ணியில மிச்சம் இருக்கறதைத்தான் அது அளக்கும். பாசி ஏற்கனவே சாப்பிட்ட பாஸ்பேட் பாசிக்குள்ள இருக்கு. கடல்ல மிதக்கிற நுண்பாசிகள்ல சராசரியா 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். இதுக்கு ரெட்ஃபீல்டு விகிதம்னு பேர். முடிப்பாசிக்கு எண்கள் மாறும், ஆனா கதை அதேதான்: கொஞ்சூண்டு பாஸ்பரஸ் போதும், நிறைய வளரும்.

இது தெரியாம நான் மூணு நாள் லைட்டை அணைச்சு, டேங்க்கைப் போர்வையால மூடிட்டேன். பாசி செத்தது. செத்த பாசி அழுகும்போது ஆக்சிஜனை இழுக்கும், சாப்பிட்டதைத் திரும்பத் தண்ணியில விடும். நாலாவது நாள் காலையில ஒரு மீன் மிதந்தது. முதல்ல கையால பிடுங்கி வெளிய எடுத்திருக்கணும்.

எல்லாமே பாசின்னு நினைக்கறதும் தப்பு. புது டேங்க்ல பிரவுன் தூள் மாதிரி படிஞ்சா டயாட்டம். அதுக்குச் சிலிக்கேட் வேணும், தீர்ந்ததும் பெரும்பாலும் தானா போயிடும். சிவப்பு, ஊதா கலர்ல தோல் மாதிரி உரிஞ்சு வந்தா அது பாசியே இல்ல, சயனோபாக்டீரியா. அதுக்கு எரித்ரோமைசின் போடறாங்க. தயவுசெஞ்சு வேண்டாம், அம்மோனியாவை மாத்தித் தர்ற நல்ல பாக்டீரியாவுக்கும் அது ஆபத்து. டியூப் வெச்சு உறிஞ்சி எடுத்துட்டு, பம்ப்பைத் திருப்பி அங்க ஓட்டத்தைக் கூட்டுங்க. சளி மாதிரி பிரவுன் இழை, அதுல குமிழி, நத்தைகள் சாகுதுன்னா டைனோஃபிளாஜெல்லேட்டா இருக்கலாம். அது பல நேரம் நைட்ரேட், பாஸ்பேட் நிஜமாவே ஜீரோ ஆன டேங்க்லதான் வரும். முடிப்பாசி வைத்தியத்தை அதுக்குப் பண்ணா இன்னும் மோசமாகும். பயோடெக் நண்பர் யாராவது இருந்தா ஒரு சொட்டு மைக்ராஸ்கோப்ல பாத்துடுங்க.

சரி, எங்க வீட்டுக்குப் பாஸ்பேட் எங்கேருந்து வந்தது? நான் சிதம்பரத்துல ஹாஸ்டல், வீட்ல அப்பாதான் தீனி போடுவாரு. "பசிக்குதுன்னு கண்ணாடிகிட்ட வந்து நிக்குதுடா"ன்னு தினம் நாலு தடவை. அப்புறம் டாப்-அப்புக்குப் போர் தண்ணி. தினம் ஒரு லிட்டர் ஆவியாகும், ஆவியாகறது வெறும் தண்ணிதான். 100 நாள்ல ஒரு முழு டேங்க் போர் தண்ணியில இருந்த உப்பும் சிலிக்கேட்டும் உள்ளேயே தங்கிடும். இப்ப ஆர்.ஓ. தண்ணி, அதையும் டிடிஎஸ் மீட்டர்ல பாத்துட்டுத்தான்.

10 சதவீதம் தண்ணி மாத்தினா நைட்ரேட் 40-லேருந்து 36 ஆகும், அவ்வளவுதான். வாராவாரம் மாத்தினா நாலு வாரத்துல 26, அதுவும் புதுசா எதுவும் சேராம இருந்தா. அதனால வரவைக் குறைக்காம தண்ணி மட்டும் மாத்திப் பிரயோஜனம் இல்ல.

சில்வர் பீச்ல கடல் தண்ணி பிடிக்கலாமான்னு கேப்பீங்க. மழைக்காலத்துல வேண்டாம். கெடிலம் வயல் உரத்தையும் ஊர்ச் சாக்கடையையும் சேத்துக் கொண்டுவரும், உப்பும் குறையும். ஆனா நம்ம ஊர்த் தண்ணியே ஆகாதுன்னு இல்ல. பரங்கிப்பேட்டையில அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தோட கடல் உயிரியல் மையத்துல கழிமுகத் தண்ணியிலயே கோமாளி மீனை முட்டையிட வெச்சுக் குஞ்சு வளர்த்திருக்காங்க.

அப்பா இப்ப ஒரு வேளைதான் தீனி போடறாரு, ரெண்டு நிமிஷத்துல தின்னு முடிக்கற அளவு. முதல் தடவை பிடுங்கினப்ப அரை பக்கெட் பாசி வந்தது. போன ஞாயித்துக்கிழமை ஒரு டீ கிளாஸ்.