கடலுக்கு அப்பால் – 11: பணம் எங்கே தூங்குகிறது?

ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தின் மணிக்கூண்டுக் கட்டடம் பிரின்ஸஸ் தெருவில், ஆல்பர்ட் பூங்காவுக்கு எதிரே நிற்கிறது. 2024 மே 1ஆம் தேதி பல்கலைக்கழக வளாகத்தில் பாலஸ்தீனக் கொடிகளோடு மாணவர்கள் கூடினார்கள். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் போராட்டக் கூடாரங்கள் முளைத்து அன்றோடு இரண்டு வாரம். இங்கும் கூடாரம் போடுவதாகத்தான் திட்டம் இருந்தது. ஆனால் துணைவேந்தர் டான் ஃப்ரெஷ்வாட்டர் முன்கூட்டியே சொல்லிவிட்டார்: அமைதியாகக் கூடலாம், இராத்தங்கல் கூடாது. எனவே அது பகல் கூட்டமாக முடிந்தது.

இராத்தங்கலைப் பற்றித்தான் செய்திகள் அதிகம் வந்தன. கோரிக்கை என்னவோ கணக்குப் பற்றியது. பல்கலைக்கழகத்தின் பணம் எங்கெங்கே போடப்பட்டிருக்கிறது? பாலஸ்தீன நிலத்தை ஆக்கிரமிப்பதில் லாபம் பார்க்கும் நிறுவனங்களில் இருந்தால், அதை எப்போது வெளியே எடுப்பீர்கள்?

ஹார்வர்டிடம் 50 பில்லியன் டாலருக்கு மேல் சொத்து நிதி இருக்கிறது. நியூசிலாந்துப் பல்கலைக்கழகங்கள் அப்படியல்ல; பெரும்பாலும் அரசு மானியத்திலும் மாணவர் கட்டணத்திலும் ஓடுபவை. நன்கொடையாக வரும் பணம் தனி அறக்கட்டளையில் போய்ச் சேரும். அறங்காவலர்கள் அதை நிதி மேலாளரிடம் கொடுப்பார்கள். மேலாளர் உலகப் பங்குகளை மூட்டையாகக் கட்டி விற்கும் குறியீட்டு நிதிகளில் போட்டுவைப்பதும் உண்டு. அந்த மூட்டையைப் பிரித்துப் பார்க்க வேண்டிய வேலை யாருக்கும் இல்லை. கேட்பவரை ஒவ்வொரு மேசையும் அடுத்த மேசைக்கு அனுப்பும். பட்டா மாறுதலுக்குத் தாலுகா அலுவலகம் ஏறி இறங்கியவர்களுக்கு இது புதிதல்ல.

இத்தனைக்கும் நியூசிலாந்தின் கல்விச் சட்டம் பல்கலைக்கழகத்துக்கு ஒரு வேலையை எழுத்திலேயே கொடுத்திருக்கிறது: சமூகத்தின் விமர்சகராகவும் மனசாட்சியாகவும் இருக்க வேண்டும். எனக்குத் தெரிந்து இப்படிச் சட்டத்தில் எழுதிவைத்த நாடுகள் குறைவு.

அதே ஆக்லாந்தில் இன்னொரு அலுவலகம் இருக்கிறது. வருங்கால முதியோர் ஓய்வூதியத்துக்காக அரசு சேர்த்துவைக்கும் சூப்பர் ஃபண்டை நிர்வகிக்கும் இடம். மனசாட்சியாக இருக்கும்படி இவர்களிடம் யாரும் சொல்லவில்லை. நல்ல வருமானம் ஈட்டு, அதே நேரம் பொறுப்புள்ள நாடு என்ற நியூசிலாந்தின் பெயரைக் கெடுக்காதே என்பதுதான் சட்டம் இட்ட கட்டளை. அந்த ஒரு வரியைப் பிடித்துக்கொண்டு, 2012 டிசம்பரிலேயே நான்கு இஸ்ரேலிய நிறுவனங்களிலிருந்து வெளியேறினார்கள். ஆயுதத் தளவாட நிறுவனமான எல்பிட் அதில் ஒன்று. ஆக்கிரமிப்புப் பகுதியில் எழுப்பிய தடுப்புச் சுவரில் அதற்கிருந்த பங்குதான் காரணம். மற்ற மூன்றும் அங்கே இஸ்ரேலியக் குடியேற்றங்கள் கட்டும் தொழிலில் இருந்தவை.

2021இல் ஐந்து இஸ்ரேலிய வங்கிகளிலிருந்தும் வெளியேறினார்கள். ஹபோலிம், லேயுமி, டிஸ்கவுன்ட், மிஸ்ராஹி தெஃபஹோத், ஃபர்ஸ்ட் இன்டர்நேஷனல். குடியேற்றங்கள் கட்டக் கடன் கொடுத்ததுதான் குற்றம். காரணமாக மேற்கோள் காட்டியவற்றுள் ஐ.நா. பாதுகாப்பு மன்றத்தின் 2334ஆம் தீர்மானமும் ஒன்று. 2016 டிசம்பரில் அதை முன்மொழிந்த நான்கு நாடுகளில் நியூசிலாந்தும் ஒன்று; கோபத்தில் இஸ்ரேல் தன் தூதரைத் திரும்ப அழைத்துக்கொண்டது. குடியேற்றங்கள் சட்டவிரோதம் என்று வெளிநாட்டில் சொல்லிவிட்டு, வீட்டில் அதற்குக் கடன் கொடுக்கும் வங்கியில் பங்கு வைத்திருக்க முடியுமா? நிர்வாகிகள் இந்த முரணைத்தான் காகிதத்தில் தீர்த்தார்கள்.

விற்ற வங்கிப் பங்குகளின் மதிப்பு சுமார் 65 லட்சம் நியூசிலாந்து டாலர். மொத்த நிதியோ பல ஆயிரம் கோடி. கணக்குப் போட்டால் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலே. வங்கிகளுக்கு இது கொசுக்கடி. ஆனால் காரணத்தை எழுதிவைத்துவிட்டார்கள். நாளை இன்னொருவர் அதை எடுத்துக்காட்டிக் கேட்கலாம். எனக்கு இந்த 65 லட்சத்தைவிட அந்தக் காகிதம் பெரிது.

விலை கொடுத்துப் புறக்கணித்த கதை வேண்டுமென்றால் சென்னைக்குத்தான் வர வேண்டும். 1974 டேவிஸ் கோப்பை டென்னிஸ் இறுதிக்கு இந்தியா போயிற்று. அணியில் சென்னையின் விஜய், ஆனந்த் அமிர்தராஜ் சகோதரர்கள். எதிரணி நிறவெறி தென்னாப்பிரிக்கா. அரசு ஆடக்கூடாது என்றது; கோப்பை ஆடாமலே அவர்களுக்குப் போயிற்று. விஜய் மீண்டும் ஓர் இறுதியைப் பார்க்க 13 ஆண்டுகள் ஆயின. அதிலும் ஸ்வீடனிடம் தோல்வி.

ஆக்லாந்தும் அந்தப் பாடம் படித்த ஊர்தான். தென்னாப்பிரிக்காவுடன் ரக்பி ஆடுவதை எதிர்த்த ‘ஹார்ட்’ இயக்கம் 1969இல் இதே பல்கலைக்கழகத்தில் பிறந்தது. 1981 செப்டம்பரில் ஈடன் பார்க் ஆட்டத்தின்போது சிறு விமானம் ஒன்று தாழப் பறந்து மாவு மூட்டைகளை வீசியது. அன்று அந்த இயக்கத்தை நடத்திய ஜான் மின்ட்டோ, பிற்காலத்தில் பாலஸ்தீன ஆதரவு இயக்கத்தின் முகமானார்.

ஈடன் பார்க்கிலிருந்து நடந்தால் சாண்ட்ரிங்ஹாம். நம்மவர்கள் உறைந்த முருங்கைக்காயும் யாழ்ப்பாணத்துக் கறித்தூளும் வாங்கும் தெரு. பாலஸ்தீனத்துக்கான இந்தப் போராட்டத்தைப் பார்க்கும் ஈழத்தவர் மனதில் எழும் கேள்வி நியாயமானது: 2009இல் எங்களுக்காக எந்த வளாகம் முதலீட்டை விற்றது? ‘கிபிர் வருது’ என்ற சத்தம் கேட்டதும் பங்கருக்குள் பாய்ந்தவர்கள் அவர்கள். கிபிர் இஸ்ரேலில் செய்த போர் விமானம். 1996 முதல் இலங்கை விமானப்படையிடம் இருந்தது. 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் குண்டு விழுந்து மாண்ட மாணவிகள் 50 பேருக்கு மேல்.

கிபிர் விமானத்தைச் செய்த நிறுவனம் இஸ்ரேல் அரசுக்கே சொந்தம்; விற்க யார் கையிலும் பங்கு இல்லை. தொட முடிகிற ஓர் இடம் அரசின் கடன் பத்திரம். 2024இல் வெலிங்டன் விக்டோரியா பல்கலைக்கழக அறக்கட்டளை விலக முடிவெடுத்தவற்றில் அந்தப் பத்திரங்களும் அடக்கம். தொகை சிறிதுதான்.

இஸ்ரேலை மட்டும் ஏன் பொறுக்கி எடுக்கிறீர்கள் என்று யூத அமைப்புகள் கேட்கின்றன. வளாகத்தில் நடமாடவே கூசுகிறது என்கிற யூத மாணவர் குரலையும் ஒதுக்க முடியாது. ஏன் இஸ்ரேல் மட்டும் என்ற கேள்விக்குப் பதில், ஒரே அளவுகோலை எல்லா நாட்டுக்கும் நீட்டுவது, கொழும்புக்கும் சேர்த்து. அப்படி நீட்டுவதற்கு முதலில் பட்டியல் வேண்டும். எந்த நிறுவனத்தில் எவ்வளவு என்று வெளியிட, பல்கலைக்கழகம் எந்த நாட்டின் பக்கமும் சாய வேண்டியதில்லை.

(தொடரும்)