452 பேர் எழுதிய பத்திரம்

அமெரிக்காவில் அடிமைகளை விடுதலை செய்தது யார் என்று கேட்டால், நம்ம கிளாஸில் பாதிப் பேர் "ஆபிரகாம் லிங்கன்" என்று பட்டென்று சொல்லிவிடுவோம். அவர் அறிக்கை விட்டது 1863-ல். அதற்கு 72 வருஷம் முன்னாடியே, ஒரு தோட்ட முதலாளி தன் அடிமைகளைத் தானே விடுவித்துப் பத்திரம் எழுதியிருக்கிறார். அவர் வர்ஜீனியாவைச் சேர்ந்த ராபர்ட் கார்ட்டர்.

தாத்தா பெயரும் அதேதான். அவரை 'ராஜா கார்ட்டர்' என்றே ஊர் கூப்பிட்டது. காலனி சட்டசபையில் சபாநாயகராக இருந்தவர். 1732-ல் அவர் இறந்தபோது இருந்த நிலம் சுமார் 3 லட்சம் ஏக்கர். சர்வே பிராக்டிகலில் செயின் இழுத்தே நாக்குத் தள்ளும் சிவில் நண்பர்களே, அது 1,200 சதுர கிலோமீட்டருக்கு மேல்! அதே வருஷம் அப்பாவும் இறக்க, 4 வயதுப் பேரனுக்குப் புகையிலைத் தோட்டங்களோடு மனிதர்களும் சொத்தாக வந்தார்கள்.

பேரன் 1758-ல் கவர்னரின் ஆலோசனை சபையில் உறுப்பினரானார். அங்கே சட்டமன்ற மேல்சபையும் அதுதான். மனைவி பிரான்சஸ், 17 பிள்ளைகள். பிள்ளைகளுக்குப் பாடம் சொல்ல 1773-ல் வந்த பித்தியன் என்ற வாத்தியார், அடிமைகளுக்கு வாரப்படி என்ன என்று டைரியில் எழுதி வைத்தார்: சுமார் 6 கிலோ மக்காச்சோளம், அரைக் கிலோவுக்கும் குறைவான இறைச்சி. அந்த வட்டாரத்தில் இவர்தான் இரக்கமுள்ள முதலாளியாம்!

1778-ல் கார்ட்டர் பாப்டிஸ்ட் சபையில் ஞானஸ்நானம் பெற்றார். அடிமைகளும் வெள்ளையரும் சேர்ந்து கும்பிட்ட சபை அது. அடிமை முறை தவறு என்று அவர் மனசில் உறுதிப்பட்டது. சொந்தக்காரரே அடிமையை விடுவிக்கலாம் என்று 1782-ல் சட்டமும் வந்தது. 1791-ல் 452 பேரின் பெயரையும் எழுதிப் பத்திரத்தைக் கோர்ட்டில் பதிவு செய்தார். வருஷத்துக்கு 15 பேர் வீதம் விடுதலை. சிறுவர்கள் 21 வயதும் சிறுமிகள் 18 வயதும் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். உடனே எல்லாரையும் விட்டிருக்கலாமே என்று எனக்குத் தோன்றத்தான் செய்கிறது. ஆனால் அந்தப் பெயர்கள்! எங்க அப்பா கைநாட்டு. அவர் பெயர் எழுதின காகிதம் என்று வீட்டில் இருப்பது ரேஷன் கார்டு ஒன்றுதான். பெயர் காகிதத்தில் ஏறுவது லேசான காரியமில்லை.

அக்கம்பக்கத்துத் தோட்டக்காரர்களுக்குப் பிடிக்கவில்லை. 1793-ல் கார்ட்டர் பால்டிமோருக்குக் குடிபோனார். 1804-ல் அங்கேயே இறந்தார். அடிமை முறையைப் பார்த்தே வளரக் கூடாது என்று 1786-ல் ரோட் ஐலண்டுக்குப் படிக்க அனுப்பிய மகன் ஜார்ஜ், அதே 1804-ல் வர்ஜீனியாவில் ஓட்லண்ட்ஸ் மாளிகையைக் கட்ட ஆரம்பித்தார். அடிமைகளை வைத்துத்தான்.