அறையிற் பிறந்த இசைத்தட்டு

ஏலப்பாறைத் தேயிலைத் தோட்டத்து லயங்களில், பணி முடிந்த இரவில், தாமே பாட்டுக் கட்டும் இளைஞர் சிலர் இருக்கக்கூடும். ஆசானும் வாத்தியக் குழுவும் இன்றி அது இசைத்தட்டாகுமோ என அவர்கள் ஐயுறலாம். எம்.ஐ.ஏ. என்னும் மாதங்கி அருள்பிரகாசத்தின் வரலாறு அதற்கு விடை பகரும்.

இலண்டனில் 1975இல் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் சிறிது காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986இல் அகதியாக இலண்டன் மீண்டவர் இவர். பயின்றது ஓவியமும் திரைப்படமும், சங்கீதம் அன்று. தோழியிடம் கிடைத்த ‘ரோலண்ட் எம்.சி.505’ என்னும் கருவி, தாளத்தையும் சுரத்தையும் தானே எழுப்பி, நாம் அமைத்த வரிசைப்படி திரும்பத் திரும்ப ஒலிக்கும். அதனையும், குரல்மேல் குரல் அடுக்கவல்ல பழைய நாடாப்பதிவுக் கருவி ஒன்றையும் கொண்டு, தம் அறையிலேயே ஆறு பாடல்களைப் பதிந்தார். பிறரைப் பாடவைக்கவே முதலில் எண்ணினார். எவரும் அமையாமையால் தாமே பாடினார். நல்லதே ஆயிற்று!

அவற்றுள் ‘கலாங்’ 2003இல் 500 இசைத்தட்டுகளாகவே வெளிவந்தது. அது பரவவே, எக்ஸ்.எல். நிறுவனம் 2005இல் முழுத் தொகுப்பை வெளியிட்டது.

தொகுப்பின் பெயர் ‘அருளர்’. இளமையிலேயே பிரிந்து வாழ்ந்த தந்தையின் இயக்கப் பெயர். பாடல்கள் ஆங்கிலமாயினும் தலைப்பு நம்முடையது. அதை மாற்றுமாறு தந்தையே எழுதியும் மகள் இணங்கவில்லை.