புது கார்புரேட்டர் போட்டும் அம்பாசடர் ‘டப் டப்’னு வெடிக்குதா? சத்தம் எங்கிருந்து வருதுன்னு முதல்ல கேளுங்க

அம்பாசடர் உற்பத்தி 2014-ல் நின்றுவிட்டது. ஆனால் தாத்தா வாங்கிய வண்டியை விற்க மனசில்லாமல் ஷெட்டில் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் இருக்கு. அப்படி ஒரு பழைய பெட்ரோல் வண்டியைத் தூசி தட்டி எடுத்தால், சீக்கிரமே மாற்ற வேண்டி வருவது கார்புரேட்டர். பழையது தேய்ந்து பெட்ரோல் கசியும். கடையில் கிடைக்கிற மாற்று கார்புரேட்டரைப் போடுவோம். வண்டி ஸ்டார்ட் ஆகும். ஆக்சிலரேட்டரை மிதித்தால் ‘டப்’!

உடனே எல்லாருடைய கையும் கார்புரேட்டர் ஸ்க்ரூவுக்குத்தான் போகும். கொஞ்சம் பொறுங்க. அதைத் திருகுவதற்கு முன்னால், சத்தம் முன்னால் வருதா பின்னால் வருதா என்று கவனிக்கணும். ரெண்டும் வேற வேற வியாதி.

பின்னால் சைலன்சரில் வெடித்தால், இன்ஜினில் எரியாத பெட்ரோல் அங்கே போய் எரியுதுன்னு அர்த்தம். பிளக் மிஸ் ஆவது, பெட்ரோல் அதிகமாகப் போவது, டைமிங் தாமதமாக இருப்பது என்று காரணம் இருக்கும். ஆக்சிலரேட்டரை விடும்போது மட்டும் வெடித்தால் சைலன்சர் பைப் இணைப்பில் ஓட்டை இருக்கான்னு பாருங்க.

முன்னால், கார்புரேட்டர் வாயில் வெடிப்பதுதான் கவலைப்பட வேண்டியது. பெட்ரோல் குறைந்து காற்று அதிகமான கலவை மெதுவாக எரியும். அது எரிந்து முடிவதற்குள் இன்லெட் வால்வு திறந்துவிட்டால், உள்ளே வரும் புதுக் கலவையிலும் தீ பிடித்து மேலே சீறும். அம்பாசடரின் 1489 சிசி இன்ஜின், பிரிட்டனின் பிஎம்சி பி-சீரிஸ் வழியில் வந்தது. அதில் கார்புரேட்டரும் சூடான எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டும் ஒரே பக்கம். மேலே கசிகிற பெட்ரோல் நேராக அந்தச் சூட்டில்தான் சொட்டும். அதனால் ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு, ஒருத்தர் ரேஸ் பண்ண இன்னொருத்தர் கார்புரேட்டர் வாய்க்குள் எட்டிப் பார்க்கிற பழக்கம் வேண்டவே வேண்டாம். ஸ்டார்ட் ஆகலைன்னு மூடியில் பெட்ரோல் ஊற்றுவதும்தான். பக்கத்தில் ஒரு ட்ரை பவுடர் தீயணைப்பான் இருக்கட்டும்.

கலவையில் பெட்ரோல் குறைவுதானா என்று தெரிந்துகொள்ள சுலபமான வழி சோக். வெடிக்கும்போது சோக்கைப் பாதி இழுங்க. வண்டி சமாதானமானால் பெட்ரோல் போதவில்லை, அல்லது எங்கேயோ ‘ஏர் இழுக்குது’.

மாற்று கார்புரேட்டரில் ஏர் இழுக்கிற இடங்கள் பெரும்பாலும் அதன் அடிப்பக்கம்தான். பழைய பேக்கிங்கையே திரும்பப் போட்டிருப்பாங்க, ஸ்பேசர் விட்டுப்போயிருக்கும், அடித்தட்டு வளைந்திருக்கும். டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகும் வாக்குவம் குழாய்க்குப் புதுக் கார்புரேட்டரில் வேற இடத்தில் மூக்கு இருக்கலாம். பயன்படாத மூக்கு மூடாமல் திறந்தே கிடக்கலாம். ஐடிலிங்கில் விட்டு, பாட்டில் ஸ்ப்ரேயில் தண்ணீரை அடிப்பக்க இணைப்புகளில் மட்டும் லேசாக அடியுங்க. சத்தம் மாறினால் ஓட்டை அங்கேதான். டிஸ்ட்ரிபியூட்டர், பிளக் வயர் பக்கம் தண்ணீர் போகக் கூடாது. கார்புரேட்டர் கிளீனரை அடித்துப் பார்ப்பவர்கள் உண்டு. சூடான எக்ஸாஸ்ட்டுக்கு மேலே அது எனக்குப் பிடிக்காத வேலை.

ஏர் இழுக்கவில்லையா? அப்போதும் கார்புரேட்டரை விட்டுட்டு இக்னிஷனுக்கு வாங்க. வேலை நடந்தபோது பிளக் வயரை யாராவது கழற்றியிருந்தால் மாற்றி மாட்டியிருக்க வாய்ப்பு அதிகம். இந்த இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரெண்டு வயர் இடம் மாறினாலே முன்னும் பின்னும் வெடிக்கும். அடுத்து பாயின்ட் இடைவெளி, சுமார் 0.38 மிமீ. அதைச் சரி செய்த பிறகுதான் டைமிங் பார்க்கணும். பாயின்ட் மாறினால் டைமிங்கும் நகர்ந்துவிடும். டைமிங் பார்க்கும்போது வாக்குவம் குழாயைக் கழற்றி, அதன் வாயை அடைத்துவிடுங்க.

இதெல்லாம் சரியாக இருந்தும் கார்புரேட்டரில் வெடித்தால், இப்போ ஜெட்டைப் பார்க்கலாம். சோலெக்ஸ் ஜெட்டில் 125 என்று இருந்தால் துளை 1.25 மிமீ. மாற்று கார்புரேட்டர் வேற இன்ஜினுக்கான ஜெட்டோடு வந்திருக்கலாம். மிதித்த உடனே மட்டும் ஒருமுறை ‘டப்’ என்றால் சந்தேகம் ஆக்சிலரேட்டர் பம்ப் மேல் போகணும்.

இங்கே பெட்ரோலையும் சேர்த்துக்கணும். இந்தியாவில் இ20 பெட்ரோல் 2023 பிப்ரவரியில் அறிமுகமானது. சாதாரண பெட்ரோல் முழுசாக எரிய 1 கிலோவுக்கு சுமார் 14.7 கிலோ காற்று வேணும். இ20-க்கு சுமார் 13.5 கிலோ போதும். புதிய கார்களில் சென்சார் பார்த்து கம்ப்யூட்டர் சரி செய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த வசதி இல்லை. பழைய ஜெட் அளவில் அதே காற்றை இழுத்தால், கலவையில் பெட்ரோல் குறைந்த மாதிரிதான் ஆகும். பம்பின் ரப்பர் டயஃப்ரமும் எத்தனாலில் சீக்கிரம் கெட்டுப்போகும். அதனால் ஒரு அளவு பெரிய ஜெட் போட்டுப் பார்ப்பதில் தப்பில்லை. கொஞ்சம் ஓட்டிவிட்டு பிளக்கைக் கழற்றிப் பாருங்க. வெள்ளையாக இருந்தால் இன்னும் பெட்ரோல் போதவில்லை. கரி படிந்திருந்தால் அதிகம். இளம்பழுப்பு நிறம்தான் நமக்கு வேணும்.

எதற்கும் அடங்கலையா? டேப்பட் இடைவெளியைப் பார்த்துவிட்டு கம்ப்ரஷன் டெஸ்ட் எடுங்க. இந்த ஹெட்டில் 1-ம் 2-ம் ஒரே இன்லெட் வழியைப் பகிர்கின்றன, 3-ம் 4-ம் அப்படித்தான். ஒரு சிலிண்டரின் இன்லெட் வால்வு சரியாக மூடாவிட்டால் அதன் நெருப்பு பக்கத்து சிலிண்டருக்கான கலவையையும் கெடுக்கும். அந்த நிலையில் இன்னொரு கார்புரேட்டர் வாங்குவதை நிறுத்திவிட்டு, அந்தப் பணத்தில் ஹெட்டைக் கழற்றி வால்வு வேலை பாருங்க.