சோலைக்கிளியும் மலைச்சோலையும்

தொல்காப்பியர் நிலத்திற்குரிய கருப்பொருள்களை எண்ணுமிடத்து விலங்கு, மரம், புள் ஆகியவற்றை ஒருங்கு வைத்தார். புள்ளினை அதன் நிலத்தினின்று பிரித்து அறிதல் இயலாது என்னும் உண்மை அவ் வைப்புமுறையில் அடங்கியுள்ளது. இற்றைநாள் உயிரியலார் பறவையின் வாழிடம் பற்றி நிகழ்த்தும் ஆய்வுகளும் இதனையே வேறு நெறியில் நிறுவுகின்றன. மேற்குத் தொடர்ச்சி மலையின் உயர்ந்த சோலைகளில் வாழும் இருவகைப் பாடும் பறவைகளைப் பற்றிய ஆய்வு முடிபுகளை எடுத்துரைத்து, அவற்றால் சொல்லாய்வு செய்வார்க்கு விளையும் கடமை ஒன்றனைச் சுட்டுதல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. சோலை என்னும் சொல்

'சோலை' என்பது தமிழில் மரஞ்செறிந்த பொழிலைக் குறிக்கும் பொதுச்சொல். ஆங்கிலேயர் நீலகிரியில் குடியேறிய பின்னர் இச்சொல் அவர் மொழியில் 'ஷோலா' எனப் புகுந்து, பொருளிற் குறுகிக் கலைச்சொல்லாயிற்று. உயர்மலைப் பள்ளங்களிலும் நீரோடைக் கரைகளிலும் குட்டையான பசுமைமாறா மரங்கள் நெருங்கி வளர்ந்து நிற்கும் காடே இன்று உலகெங்கும் 'ஷோலா' எனப்படுவது. அதனைச் சூழ்ந்து மலைச்சரிவெங்கும் புல்வெளி பரந்திருக்கும். சோலையும் புல்வெளியும் ஒன்றையொன்று அடுத்து நிற்பதே இந்நிலத்தின் இயல்பு.

இவ்வுயர்நிலங்கள் தொடர்ந்து கிடப்பன அல்ல. தாழ்ந்த, வெப்பமிக்க பள்ளத்தாக்குகள் இவற்றை இடையிடையே பிரிக்கின்றன. அவற்றுள் பெரியது பாலக்காட்டுக் கணவாய்; அதன் அகலம் 30 முதல் 40 கி.மீ. வரை ஆகும். தெற்கே செங்கோட்டைக் கணவாய் அதனினும் குறுகியது. உச்சிக் குளிர்ச்சிக்கே பழகிய உயிர்க்குத் தாழ்நிலம் கடல்போன்றது. ஆதலின் இவ்வுச்சிகளை 'வானத் தீவுகள்' என வழங்குவர்.

2. பெயரின் வரலாறு

சென்னைப் படையில் மருத்துவராகப் பணியாற்றிய ஜெர்டன் நீலகிரியின் சிரிப்பானை 1839இல் அறிவியலுலகிற்கு அறிவித்தார். பழனி மலையில் ஃபேர்பேங்க் என்னும் அமெரிக்கச் சமயப் பணியாளர் திரட்டிய பறவைகளைக் கொண்டு 1860களின் இறுதியில் பிளான்போர்டு வேறு இரண்டனுக்குப் பெயரிட்டார். இவருட் பலர் இமயத்தும் அதற்கப்பாலும் வாழும் பறவைகளுடன் தோற்ற ஒப்புமை கண்டு, தென்மலைப் பறவைகளை அவ்வினங்களுள் அடக்கினர். கருநீல நிறத்துச் சிறு பறவை 'குறுஞ்சிறகன்' என்றும், பின்னர் 'நீலப் பூஞ்சிட்டு' என்றும் இனம் மாறி மாறி வைக்கப்பட்டது.

ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டு நிலவிய இக்குழப்பத்தை மரபணு ஆய்வு தீர்த்தது. வி. வி. ராபின், சி. கே. விஷ்ணுதாஸ், உமா இராமகிருஷ்ணன், சுஷ்மா ரெட்டி முதலியோர் 2017இல் வெளியிட்ட ஆய்வு, இப்பறவைகள் இமய இனங்களின் கிளையல்ல என்றும், தென்மலையிலேயே நெடுங்காலம் தனித்துக் கிளைத்த இரு பேரினங்கள் என்றும் காட்டிற்று. கருநீலப் பறவைக்குச் 'சோலிகோலா' என்றும், சிரிப்பானுக்கு 'மாண்டிசின்க்ளா' என்றும் பெயரிட்டனர். முன்னையது ஈப்பிடிப்பான் குடும்பத்தைச் சார்ந்தது.

மாண்டிசின்க்ளாவின் நான்கு இனங்களும் மலைக்கூறுகளுக்கு ஏற்பப் பிரிந்துள்ளன. ஒன்று வயநாட்டுப் பாணாசுர மலை முதலியவற்றில் உள்ளது. ஒன்று நீலகிரிக்கு உரியது. ஒன்று பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே ஆனைமலை, பழனி மலைகளில் வாழ்வது. ஒன்று செங்கோட்டைக் கணவாய்க்கும் தெற்கே அகத்தியர் மலைப்பகுதியில் உள்ளது. சோலிகோலாவும் இவ்வாறே கணவாய்களால் பிரிந்துள்ளது. எனினும் அகத்தியர் மலைச் சோலைக்கிளியைத் தனி இனமாக எல்லாப் பட்டியல்களும் ஏற்றில. சில அதனை வெண்வயிற்றுச் சோலைக்கிளியின் உள்ளினமாகவே வைத்துள்ளன.

ஈண்டுச் சொல் பற்றி ஒன்று கூறுதல் வேண்டும். மலையாளத்தில் 'கிளி' என்பது சிறு பறவைக்குப் பொதுப்பெயர். தமிழிலோ அது பச்சைக்கிளியையே முதற்கண் உணர்த்தும். எனவே 'சோலைக்கிளி' எனக் கேட்கும் தமிழர் வேறொரு பறவையை எண்ணக்கூடும். சிரிப்பானுக்கு மலையாளத்தில் வழங்கும் 'சிலப்பன்' என்பது ஒலித்தலைக் குறிக்கும் வினையடியாகப் பிறந்தது. அதனோடு உறவுடைய 'சிலைத்தல்' என்னும் வினை நம் பழநூல்களிலும் ஒலித்தற்பொருளில் பயில்வதே. புதிதாகச் சொல் படைக்குமுன், மலைவாழ் மக்களிடை வழங்கும் பெயர்களைத் திரட்டி ஒப்பிடுதல் நம் துறையினர்க்குரிய பணியாகும்.

3. வாழிடமும் வாழ்க்கையும்

சோலைக்கிளி பெரும்பாலும் சோலையின் அடித்தளத்தில் வாழ்வது. நிழல் செறிந்த புதரிடையிலும், உதிர்ந்த இலைப்படுகையிலும், ஓடைக்கரையிலும் தத்திச் சென்று பூச்சிகளைத் தேர்ந்து உண்ணும். கரையின் பொந்திலோ மரப்பொந்திலோ பாசி கொண்டு கூடமைத்து, பெரும்பாலும் இரண்டு முட்டை இடும். ஈரமும் நிழலும் இலைப்படுகையும் கூடிய இடமே இதற்கு ஏற்றது. சிரிப்பான் சிறு கூட்டமாகத் திரியும். பூச்சியோடு கனிகளையும் உண்ணும். சோலை விளிம்பிலும் தோட்டங்களிலும் காணப்படும். கனியுண்டு விதை பரப்புதலால் சோலை புதுக்கப்படுவதற்கும் அது துணையாகின்றது. ஒரே மலையில் வாழினும் இவ்விரண்டும் நிலத்தைப் பயன்கொள்ளும் முறை வேறு. எனவே காப்பு முறையும் ஒன்றாதல் இயலாது.

4. பாட்டும் வட்டார வழக்கும்

பாடும் பறவைகள் தம் பாட்டைப் பிறவியிலேயே முழுதும் பெற்று வருவன அல்ல. குஞ்சு மூத்தவற்றின் பாட்டைக் கேட்டுப் பயில்கின்றது. ஆதலின் பிரிந்து வாழும் கூட்டங்களின் பாட்டு காலப்போக்கில் வேறுபடும். ஒரு மொழி ஆற்றாலும் மலையாலும் பிரிந்த மக்களிடை வட்டார வழக்குகளாகக் கிளைத்தலை அறிந்த நமக்கு இது விளங்குதல் எளிது.

வானத் தீவுகளின் சோலைக்கிளி பற்றி 2016இல் வெளியான ஆய்வொன்று, ஆறு கூட்டங்களைச் சேர்ந்த 38 பறவைகளின் 835 பாட்டுகளை ஒப்பிட்டது. அவை மூன்று பெருந்தொகுதிகளாகப் பிரிந்தன. தொன்மையான பள்ளத்தாக்கால் பிரிந்த கூட்டங்களின் பாட்டில் வேறுபாடு பெரிது. ஆயின் கருதத்தக்கது இது: அண்மைக்காலக் காடழிப்பால் பிரிந்த கூட்டங்களிடையும், குரலுறுப்பின் தசைகளை இயக்கிப் பாடும் திறம் போன்ற சில கூறுகளில் வேறுபாடு தோன்றியுள்ளது. கணவாய் ஊழி பல கடந்து செய்ததனைக் கோடரி சில தலைமுறையில் செய்யத் தொடங்கிற்று என்க. அண்மைத் துண்டாட்டம் இம்மலைப் பறவைகளின் மரபுத் தொடர்பையும் தாக்கியுள்ளமையை 2015இல் வெளிவந்த மற்றோர் ஆய்வு காட்டுகின்றது.

5. காடு என்னும் சொல்லால் வந்த கேடு

ஆங்கிலேயர் ஆட்சியில் உயர்மலைப் புல்வெளி பயனற்ற நிலமாகக் கருதப்பட்டது. ஆஸ்திரேலியாவினின்று கொணர்ந்த சீகை மரமும் கற்பூர மரமும் 19ஆம் நூற்றாண்டிலேயே நீலகிரியில் நடப்பெற்றன. விடுதலைக்குப் பின்னும் அரசே பெரும்பரப்பில் நட்டது. பழனி மலையைத் துணைக்கோள் படங்களால் ஆராய்ந்து 2018இல் வெளிவந்த ஆய்வு, 1973 முதல் 2014 வரையிலான நான்கு பதின்மங்களில் புல்வெளியின் மூன்றில் இரு பங்கு மரத்தோட்டங்களாலும் வேளாண்மையாலும் மறைந்தது என நிறுவிற்று. புல்வெளியிலேயே வாழும் நீலகிரி நெட்டைக்காலி என்னும் பாடும் பறவைக்கு இது நேரடியான இழப்பாகும்.

இவ்விழப்பு நெடுநாள் கண்ணிற்படாமைக்குச் சொல்லும் ஒரு காரணம். சோலையும் 'காடு', சீகைத் தோட்டமும் 'காடு'. புல்வெளி அழிந்து தோட்டம் எழுந்தபோது கணக்கில் காடு வளர்ந்ததாகவே தோன்றிற்று. நம் சொல் பிரித்தறியாத இரண்டனைச் சோலைக்கிளி பிரித்தறிகின்றது. புல்வெளிப் பறவை அதனினும் தெளிவாக அறிகின்றது.

எனினும், அயல்மரங்களை யாண்டும் ஒருசேர வெட்டுதல் தீர்வாகாது. கைவிடப்பட்ட பழைய தோட்டங்களின் நிழலில் சோலை மரக்கன்றுகள் தாமே முளைத்து எழுதல் பழனி மலையில் காணப்பட்டுள்ளது. அத்தகைய இடத்தில் வெட்டினால் எழும் சோலை கெடும். வெயில்பட்ட நிலத்தில் சீகையின் விதைகளே மீண்டும் முளைக்கும். எஞ்சிய புல்வெளியிற் புதிதாகப் பரவும் மரங்களையோ முளையிலேயே களைதல் வேண்டும். அயற்செடி ஒழிப்பும் நிலமீட்பும் பற்றித் தமிழ்நாடு அரசு 2022இல் கொள்கை வகுத்தது. அது பயன் தருதல், எவ்விடத்தில் எது செய்யத்தக்கது என்னும் தெளிவைப் பொறுத்ததாகும்.

முடிவுரை

வகைப்பாடு வெறும் பெயர்மாற்றம் அன்று. பரந்த எல்லையில் வாழும் ஓரினம் எனக் கருதப்பட்ட வரை, ஒரு மலையில் அழியினும் மற்றொரு மலையில் உளது என அமையலாம். தனித்தனி இனம் எனக் கண்டபின் அவ்வாறு அமைதற்கு இடனில்லை. நீலகிரிச் சோலைக்கிளியும் பாணாசுரச் சிலப்பனும் இன்று உலகச் செம்பட்டியலில் அழியும் நிலையிலுள்ளனவாகக் குறிக்கப்படுகின்றன. ஒவ்வொன்றுக்கும் உரிய வீடு சில மலையுச்சிகளே.

தமிழ்ச்சொல்லொன்று உலக அறிவியலில் ஒரு பேரினத்தின் பெயராய் நிலைபெற்றது நமக்குப் பெருமையே. அப்பெருமை நிலைக்க வேண்டுமாயின் சொல் மட்டும் எஞ்சினாற் போதாது; அது சுட்டும் பொருளும் எஞ்சுதல் வேண்டும். சோலை, தோட்டம், புல்வெளி என்பவற்றை நம் அகராதிகளும் பாடநூல்களும் தெளிவுற வேறுபடுத்திக் கூறுதல் அதற்கு முதற்படியாகும். தமிழாய்வார் இப்பணியை மேற்கொள்வாராக.