உஷார்! கிசான் பணம் என்று லிங்க் வருகிறதா? தொடாதீர்கள்!

மண்டைக்காடு பக்கம் தென்னையும் வாழையும் வைத்திருக்கிற அக்காமாரே, அண்ணன்மாரே, இதை முழுசாகப் படியுங்கள். வீட்டில் வயசானவர்கள் இருந்தால் வாசித்துக் காட்டுங்கள்.

பி.எம். கிசான் வருஷத்துக்கு 6,000 ரூபாய். நாலு மாசத்துக்கு ஒரு தடவை 2,000. அந்த ரெண்டாயிரத்தைக் காட்டித்தான் மொத்தக் கணக்கையும் வழித்தெடுக்கிறார்கள்!

தவணை வரவில்லையே என்று கவலையில் இருந்த ஒரு அக்காவின் கதையைக் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரு ஃபைல் வந்தது. அனுப்பியது தெரிந்தவரின் எண். ‘இன்றே கேஒய்சி முடிக்காவிட்டால் பணம் நிற்கும்’ என்று மிரட்டல். அந்தத் தெரிந்தவரின் போன் ஏற்கெனவே திருடன் கையில் என்று இவருக்கு எப்படித் தெரியும்? அழுத்தினார். போனில் ஒரு ஆப் ஏறியது. ‘எஸ்எம்எஸ் படிக்க அனுமதி வேண்டும்’ என்றது. கொடுத்தார். ஓடிபியை அவர் யாரிடமும் சொல்லவே இல்லை. அந்த ஆப்பே திருடனுக்கு அனுப்பிவிட்டது! தேங்காய் வெட்டிய பணம், சீட்டுப் பணம், எல்லாம் போச்சு.

இப்படி வந்தால் ஆபத்து!

• வாட்ஸ்அப்பில் வரும் ஃபைலின் பெயர் ‘ஏபிகே’ (.apk) என்று முடிகிறதா? திறக்காதீர்கள். அனுப்பியது சொந்த மச்சானாக இருந்தாலும் சரி.
• ‘இன்றே கடைசி’ என்று அவசரப்படுத்துகிறார்களா? போனை வையுங்கள்.
• ஓடிபி, ஏடிஎம் பின் கேட்கிறார்களா? திருடன். சந்தேகமே வேண்டாம்.
• ‘பெயர் சேர்த்துத் தருகிறேன், எனக்குப் பாதி’ என்கிறாரா? ஓடிவிடுங்கள்.

கடைசியாகச் சொன்னதைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 2020-ல் கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் உள்படப் பல மாவட்டங்களில் நடந்தது இதுதான். இடைத்தரகர்கள் ஆதாரையும் பாஸ்புக்கையும் வாங்கி, அதிகாரிகளின் பாஸ்வேர்டை வைத்து, விவசாயியே அல்லாதவர்களைப் பட்டியலில் ஏற்றினார்கள். சுமார் 110 கோடி ரூபாய் போனது. சிபிசிஐடி விசாரித்தது. பணத்தை யாரிடம் திரும்பப் பிடித்தார்கள் தெரியுமா? கணக்கு யார் பெயரில் இருந்ததோ அவர்களிடம்! தரகர் கமிஷன் வாங்கினார் என்று சொல்லித் தப்ப முடியாது.

வருமான வரி கட்டுகிறவர்களுக்கும், மாசம் 10,000 ரூபாயும் அதற்கு மேலும் பென்ஷன் வாங்குகிற பெரும்பாலோருக்கும் இந்தப் பணம் கிடையாது. தகுதி இல்லாமல் வாங்கினால் அது உதவித்தொகை இல்லை, கடன். என்றைக்கிருந்தாலும் கேட்பார்கள்.

சரி, என்ன செய்ய வேண்டும்?

தவணை நின்றுவிட்டதா? ஆதாரையும் பட்டாவையும் பாஸ்புக்கையும் எடுத்துக்கொண்டு நேராக வேளாண்மை விரிவாக்க மையத்துக்குப் போங்கள். ஆதார் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்கிறதா, கேஒய்சி முடிந்ததா, நிலப் பதிவு சரியா என்று கேளுங்கள். பெரும்பாலும் தடங்கல் இந்த மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். விவசாயி அடையாள எண்ணுக்குப் பதிவு செய்யவும் யாருக்கும் பணம் கொடுக்க வேண்டாம், அது இலவசம்.

ஏற்கெனவே அழுத்திவிட்டீர்களா? வீட்டில் திட்டுவார்கள் என்று மறைக்காதீர்கள்! நெட்டை அணையுங்கள். வேறு போனில் 1930-க்குக் கூப்பிடுங்கள். உடனே வங்கிக்கு ஓடிக் கணக்கை முடக்குங்கள். பணம் கைமாறுவதற்குள் சொன்னால்தான் தடுக்க முடியும். ஒரு மணி நேரம் தாமதித்தாலும் நஷ்டம் உங்களுக்குத்தான்!